களரியும் போட்டிக் களமும்



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை அடுத்து, பத்மநாப சுவாமி திருக்கோயிலிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், ஒரு களரி இருக்கிறது. சி. வி. என். களரி என்று ஊரார் அதனை அழைப்பர். 1956 ஆம் ஆண்டில் சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் அதனை இங்கே நிறுவினார். தரைமட்டத்துக்குக் கீழே சில அடி ஆழத்தில், ஏறத்தாழ 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக, கிழக்கு நோக்கிய வாயிலுடன் அமைவது களரியின் மரபு. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும் பூத்தறையை வணங்கிய பின்னரே மாணாக்கர் பயிற்சியைத் தொடங்குவர். காலை வேளையில் அங்குச் சென்று நின்றால், எண்ணெய் பூசிய உடல்களும், மண்ணின் மணமும், ஆசிரியரின் வாய்த்தாரிக்கு இசைந்து எழும் காலடி ஓசையும் நம்மை வேறோர் உலகத்துக்கே இட்டுச் செல்லும்.

அந்தப் பயிற்சியைக் காணும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இஃது வழிபாடா, கலையா, மருத்துவமா, விளையாட்டா? நான்குமே என்பதுதான் உண்மையான விடை. ஆனால் விளையாட்டு என்ற ஒரு பெயருக்கு மட்டும் நாட்டின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. அந்த ஒப்புதலைப் பெறக் களரிப்பயிற்று நடந்து வந்த வழியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். நம் சிலம்பமும் அதே வழியில் பின்தொடர்ந்து வருவதால், இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

பழசிராஜாவின் போர் 1805 ஆம் ஆண்டில் முடிவுற்ற பின், மலபாரில் படைக்கலம் ஏந்தும் வழக்கம் ஒடுக்கப்பட்டது. களரிகள் பல மங்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும், அவருடைய மாணாக்கர் சி. வி. நாராயணன் நாயரும் அதனை மீட்டெடுக்க முன்வந்தனர். நாராயணன் நாயரின் பெயரே கிழக்கே கோட்டைக் களரிக்கும் அமைந்தது. இது வடக்கு முறை. நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்துப் பக்கங்களிலும் வழங்கி வந்த தெற்கு முறை வேறு. அதன் ஆசிரியரைக் குருக்கள் என்று கூறார்; ஆசான் என்பர். அந்த ஆசான்மார் தம் கலையை அகத்திய முனிவரிடமிருந்து வந்ததாகப் போற்றுவர். அடிமுறை, வர்மம் என்ற அதன் சொற்களே தமிழோடு அதற்குள்ள உறவைக் காட்டும். 1956 நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது, எல்லை மாறியது, ஆனால் ஆசான்மாரின் கால்வைப்பு மாறவில்லை.

இவ்வளவு தொன்மை இருந்தும், ஒரு கலை தானாகவே விளையாட்டாகிவிடுவதில்லை. சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு பெயர், வங்கத்தில் ஒரு பெயர், மராட்டியத்தில் ஒரு பெயர். ஊருக்கு ஒரு விதி. 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் அதனை ஆடிக் காட்டினர். உலகம் வியந்தது, ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. 1950 இல் அனைத்திந்தியக் கூட்டமைப்பு தோன்றி, பொது விதிகள் உருப்பெற்றன. 1982 இல் தில்லி ஆசிய விளையாட்டில் காட்சியாக இடம் கிடைத்தது. 1990 இல் பெய்ஜிங்கில்தான் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. பெர்லினிலிருந்து பெய்ஜிங்குக்கு 54 ஆண்டுகள்! அங்கீகாரம் என்பது ஒரு தலைமுறையின் உழைப்பால் மட்டும் முடிவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தொன்மை மட்டும் போதாது என்பது போலவே, புதுமையும் தடையன்று. பெயிண்ட்பால் என்னும் வண்ணக்குண்டு விளையாட்டைச் சில நேயர்கள் அறிந்திருக்கலாம். மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் இடுவதற்காகச் செய்யப்பட்ட கருவியைக் கொண்டு, 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பன்னிரண்டு பேர் காட்டில் ஆடியது அதன் தொடக்கம். இன்று அதனை ஆடுவோர், இது பொழுதுபோக்கு மட்டுமன்று, முறையான போட்டி விளையாட்டு என்று வாதிடுகின்றனர். தெருவில் பிறந்த சறுக்குப் பலகை ஆட்டம், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பெற்றுவிட்டது. ஆகவே வயதைக் கேட்டு எவரும் வாயிலைத் திறப்பதில்லை. கேட்கப்படுபவை வேறு. வென்றவர் யார் என்பதை அயலார் ஒருவரும் ஐயமின்றிக் கூற இயலுமா? எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விதிநூல் உண்டா? நடுவர் பயிற்சி பெற்றவரா? ஆடுவோரின் உடலுக்குக் காப்பு உண்டா? இவையே அவ்வாயிலில் நிற்கும் வினாக்கள்.

களரிப்பயிற்று இவற்றுக்கு எவ்வாறு விடை கூறியது? மெய்ப்பயிற்று, சுவடு, நெடுங்கோல் கொண்டு ஆடும் கெட்டுகாரி, வாளும் பரிசையும், காலை உயர எறிந்து உதைக்கும் சவிட்டிப்பொங்கல் என்று அது தன்னைப் பகுத்துக்கொண்டது. இவற்றுள் சவிட்டிப்பொங்கலை எளிதில் அளந்துவிடலாம். உயரத்தில் தொங்கும் பந்தைக் கால் எட்டிற்றா, இல்லையா என்பதே வினா. மெய்ப்பயிற்று அப்படியன்று. அதன் ஆழ்ந்த நிலையையும், உடலின் ஒழுக்கையும், பார்வையின் கூர்மையையும் நடுவர் தம் கண்ணால் மதிப்பிட வேண்டும்.

இங்கேதான் மூத்த ஆசிரியர் சிலரின் அச்சம் பிறக்கிறது. மதிப்பெண் உயரத் தாவுவோரை நாடிச் செல்லும். மண்ணோடு ஒட்டி நிற்பவரை மறந்துவிடும். நாளடைவில் மாணாக்கர் நடுவரின் கண்ணுக்காகவே ஆடத் தொடங்குவர் என்று அவர்கள் கருதுகின்றனர். வர்மத்தையும் மருத்துவத்தையும் எந்த விதிநூலும் அளக்காது. அளக்கப்படாதது கற்பிக்கப்படாமலும் போகலாம். இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

எனினும் சப்பானியர் காட்டிய வழி ஒன்று உண்டு. சிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882 இல் பழைய மற்போர் முறைகளிலிருந்து சூடோவை வகுத்தார். கேடு விளைக்கும் பிடிகளைப் போட்டியிலிருந்து விலக்கினார். அவற்றுள் பலவற்றை மரபுப் பயிற்சியில் காத்து வைத்தார். 1964 இல் டோக்கியோவில் சூடோ ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. போட்டிக்கு ஒரு பகுதி, பயிற்சிக் கூடத்துக்கு முழுமை என்ற அந்தப் பாகுபாடு களரிக்கும் சிலம்பத்துக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.

அண்மைய நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2022 சூன் திங்களில் அரியானாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில், கட்கா, தாங்-டா, மல்லகம்பம், யோகாசனம் ஆகியவற்றோடு களரிப்பயிற்றும் இடம் பெற்றது. 2023 இல் கோவாவில் நடைபெற்ற தேசிய விளையாட்டில் அது பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. கேரளம் அங்கே பெற்ற 36 பொன் பதக்கங்களில் பாதிக்கும் மேற்பட்டவை களரியால் வந்தவை. ஆனால் 2025 இல் உத்தராகண்டத்தில் அடுத்த தேசிய விளையாட்டு கூடியபோது, களரிப்பயிற்று மீண்டும் காட்சி விளையாட்டு என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் பதக்கப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. மல்லகம்பமும் யோகாசனமும் அந்த இடத்தைப் பெற்றன.

ஆண்டு முழுவதும் விடியலில் எழுந்து பயின்ற ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். அவருடைய காலின் உயரம் குறையவில்லை. கோலின் வேகம் தளரவில்லை. முன்னர்ப் பதக்கம் தந்த அதே ஆட்டத்துக்கு இப்போது கைதட்டல் மட்டுமே கிடைக்கிறது. பதக்கம் என்பது கழுத்தில் தொங்கும் அணி மட்டுமன்று. கல்லூரி இடத்துக்கும் அரசுப் பணிக்கும் அதுவே சான்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அச்சான்று இல்லையேல், பயிற்சியைத் தொடர்வதற்குப் பெற்றோரின் இசைவும் அரிதாகிவிடும். அங்கீகாரம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று. ஒவ்வொரு முறையும் காக்கப்பட வேண்டிய உரிமை என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இனி நம் கடமைக்கு வருவோம். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. சடுகுடு 1982 இல் நின்ற படியைப் போன்றதொரு படியில் அது நிற்கிறது. அடுத்த படி தமிழ்நாட்டில் வாழ்வோரால் மட்டும் ஏறக்கூடியதன்று. ஒரே மாநிலத்தில் மட்டும் ஆடப்படும் ஆட்டத்தை நாட்டு விளையாட்டு என்று எவரும் ஏற்கமாட்டார். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளும், அவர்களோடு பயிலும் பிறமொழிப் பிள்ளைகளும் கோல் ஏந்தும்போதே அது நாட்டுக்குரியதாகும்.

நம் தமிழ்ச் சங்கங்களில் பொங்கல் விழாவுக்குச் சிலம்பம் மேடையேறுவது வழக்கம். அது நன்று. ஆனால் விழாவுக்கு மறுநாளும் பயிற்சி நடைபெற வேண்டும். பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன், பெற்றோர் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நலம். ஆசிரியர் யாரிடம் பயின்றவர்? அவர் பின்பற்றும் போட்டி விதிகள் எவை? அவர் வழங்கும் சான்றிதழை அந்த மாநில விளையாட்டு மன்றம் ஏற்குமா? பல சங்கங்கள் தனித்தனியே சான்றிதழ் வழங்கும் இடத்தில், பிள்ளையின் உழைப்பு வீணாகிவிடக்கூடும். அச்சங்கங்கள் ஒன்றுபட வேண்டும் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, கேட்பதும் கடமை.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. பதக்கப் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிழக்கே கோட்டையில் மறுநாள் காலையில் களரியின் கதவு திறக்கும். மாணாக்கர் வலக்காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்குவர். போட்டிக் களம் அவர்களுக்கு உரிய இடத்தைத் தரட்டும், அதற்காக முயல்வோம். ஆனால் களம் வளர வேண்டுமானால் களரி வாழ வேண்டும். வேரைக் காத்தவர்க்கே கனியை வேண்டும் உரிமையும் உண்டு.