மொட்டை மாடியும் வீட்டுக் கடனும்
(மூலக்கொத்தளத்தில் பழைய வீட்டு உரிமையாளர்களிடையே ஒரு கட்டட மதிப்பீட்டுப் பொறியாளர் ஆற்றிய உரை)

வீட்டுக் கடன்னு சொன்னதும் நீங்க பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சம்பளச் சான்றுன்னு எடுத்து வைக்கிறீங்க. அதெல்லாம் வேணும்தான். ஆனா வங்கி அனுப்புற மதிப்பீட்டாளர் வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல அண்ணாந்துதான் பார்ப்பார். அடுத்து மாடிக்கு ஏறுவார். பழைய வீட்டில் கடன் தடைபடுகிற இடம் பல நேரம் அந்தக் கூரைதான்.

நம்ம வடசென்னைப் பழைய வீடுகளில் பலவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் இருக்கும். மர விட்டம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சின்னச் செங்கலைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான அடுக்கு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றி, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவாங்க. எல்லாத்துக்கும் மேலே தட்டோடு. வெயிலைத் தடுக்கிறதும், மழைத் தண்ணியை வழியவிடுறதும் இந்த அடுக்குதான். ஒழுங்கா பராமரிச்சா இது மட்டமான கூரை கிடையாது, இன்னும் சொல்லப்போனா இன்றைய வெறும் கான்கிரீட் தளத்தைவிடக் கீழே குளுமையா இருக்கும்.

சிக்கல் எங்க வருது? தட்டோட்டு இணைப்பில் விரிசல் விழுந்து தண்ணி இறங்குது. உடனே நாம பழசைப் பிரிக்காம அதன்மேலயே புதுசா இன்னொரு ஜல்லி அடுக்கு போடுறோம். பத்து வருஷம் கழிச்சு இன்னொண்ணு. மூணு அங்குல அடுக்குன்னா, பத்துக்குப் பத்து அறைக்கு மேலே ஒரு டன்னுக்கு மேல எடை ஏறுது. தாங்குறது யாரு? சுவருக்குள்ள புதைஞ்சிருக்கிற விட்டத்தின் நுனி. ஈரம் பட்டா முதல்ல மக்குறதும் அந்த நுனிதான். வெளியே பார்த்தா பெயின்ட் அடிச்சு அழகா இருக்கும்.

கான்கிரீட் தளம் வச்சவங்களும் நிம்மதியா இருக்க வேண்டாம். நமக்குக் கடல் பக்கம். உப்புக் காத்தும் மேலிருந்து இறங்குற ஈரமும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறின கம்பி உப்பி, கீழ்ப்பூச்சைத் தள்ளிவிடும். கூரையில் கம்பி தெரியுதுன்னா மதிப்பீட்டாளர் அதைப் படம் எடுக்காம போகமாட்டார்.

இப்ப பணத்துக்கு வருவோம். பழைய வீட்டில் மதிப்பு பெரும்பாலும் மனைக்குத்தான். ஒரு பேச்சுக்கு மனை 40 லட்சம், கட்டடம் 10 லட்சம்னு வையுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம். அதாவது 40 லட்சம் வரை. கூரையைப் பார்த்துவிட்டுக் கட்டடத்துக்கு மதிப்பே இல்லைன்னு எழுதிட்டா 32 லட்சம். எட்டு லட்சம் அங்கயே போச்சு. அதுவும் வங்கி மனம் வைத்தால்தான்.

அதைவிடப் பெரிய அடி, ‘மீதமுள்ள ஆயுள்’. கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்னு மதிப்பீட்டாளர் எழுதுவார். கடன் தவணைக் காலம் பொதுவா அதற்குள்தான் அடங்கணும். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய். 10 வருஷமாகக் குறைச்சா 25,300. வருமானம் அதே வருமானம்தான், தகுதி மட்டும் குறைஞ்சுபோகும். மனுவைத் திருப்பி அனுப்பும்போது ‘வருமானம் போதாது’ன்னு இருக்கும், உண்மையில் இடறினது கூரை.

அதனால மனு போடுறதுக்கு முன்னாடியே மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருத்தரைக் கூட்டி வாங்க. விட்டத்தின் நுனிப் பக்கம் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்க்கச் சொல்லுங்க. சில பேர் ஒழுகலைக் கண்டுபிடிக்க மாடியில் வரப்பு கட்டித் தண்ணி நிறுத்துவாங்க. மரத்தளத்தில் அது வேண்டாம். ஒரு அங்குலத் தண்ணியே சதுர மீட்டருக்கு 25 கிலோ. பழைய அடுக்குகளைப் பிரித்து, மக்கின கட்டையை மாற்றி, ஒரே அடுக்காகப் போட்டபிறகு உறுதிச் சான்று வாங்கி மனுவோடு வையுங்க. வேலைக்கு முந்தின படம், பிந்தின படம், ரசீது எல்லாம் பத்திரமா இருக்கட்டும். தளத்தையே முழுசா மாற்றுவதானால் முதல்ல ராயபுரம் மண்டல அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுடுங்க. வாங்கப் போகிற வீடுன்னா, இந்தச் செலவை அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாலயே விலையில் கழிச்சுப் பேசுங்க.

வாரியக் குடியிருப்பில் இருக்கிற அக்காமார் கேட்டீங்க. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் உங்க பேருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கணும். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்து அடமானம் வைக்க முடியாது. மேல்தளம் பொதுத்தளம், மேல் வீட்டுக்காரர் மட்டும் காசு போட்டுச் சரிசெய்கிற விஷயமில்ல. குடியிருப்போர் சங்கம் வழியா எழுத்துல மனு கொடுங்க, நகலில் தேதியோட முத்திரை வாங்கிக்கங்க.

கடைசியா அண்ணன் ஒருத்தர் கேட்டது: “வெயில் தாங்கலைன்னு மாடியில ஷீட் கொட்டகை போட்டிருக்கேன், அதுக்கும் கடனுக்கும் என்ன?” இருக்கு. அனுமதி பெற்ற வரைபடத்தில் அது இல்லைன்னா, வங்கி விதிமீறல்னு குறிக்கும். சில வங்கிகள் எடுத்துட்டு வரச் சொல்லும். ஷீட்டுக்குப் பதிலா வெள்ளைத் தட்டோடு பதிக்கலாம், இல்லைன்னா வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். அதுக்கு எடையே கிடையாது, வரைபடத்திலும் கை வைக்க வேண்டியதில்ல. சித்திரை வெயிலுக்கு முன்னாடி ஒழுகலைச் சரிபண்ணிட்டு அடிங்க. ஈரத்தளத்துமேல அடிச்சா உரிஞ்சு வந்துடும்.