ஏரியில் தண்ணீர் நிற்கட்டும், கரையில் நாமும் நிற்போம்

(நமது சங்கத்தின் தாணே கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் கூலி உயர்வைப் பற்றியோ ரேஷன் கார்டைப் பற்றியோ பேசக் கூடவில்லை. ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "சோற்றுக்கே வழி தேடுகிறவனுக்கு ஏரியைப் பற்றி என்ன கவலை?" என்று சென்ற கூட்டத்தில் நம்மில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? சினிமாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மாலுக்குப் போனால் வாசலில் நிற்பவர் நம் செருப்பைப் பார்த்தே நம்மை எடை போடுகிறார். தாணே ஸ்டேஷனுக்கு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மாசுந்தா ஏரி. மராட்டியர்கள் தலாவ் பாளி என்பார்கள். பாளி என்றால் கரை. ஒரு பக்கம் கோபினேஷ்வர் கோயில், இன்னொரு பக்கம் கட்கரி ரங்காயதன் நாடக அரங்கு. படகில் ஏறத்தான் டிக்கெட்; கரையில் உட்காரக் காசு கிடையாது. ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டால் இரண்டு மணி நேரம் காற்று வாங்கலாம். உழைக்கிறவனுக்கு இந்த ஊரில் யாரும் ஓய்வு கொடுப்பதில்லை; அவன் விலையில்லாமல் பெறக்கூடிய ஓய்வு இந்தக் கரைதான். இதையும் பறிகொடுத்துவிட்டு நாம் எந்த உரிமையைப் பேசப் போகிறோம்?

தாணேயை ஏரிகளின் நகரம் என்கிறார்கள். ஒரு காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் இருந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்று மிஞ்சியிருப்பவை முப்பத்தைந்து அளவில்தான். மாசுந்தா, யேவூர் மலையடிவாரத்தில் உப்வன், கச்ராளி, வாக்ளே எஸ்டேட் பக்கம் ராய்லாதேவி என்று பெயர் தெரிந்தவை சில. பெயர்ப் பலகைகூட இல்லாதவை பல. இவற்றுக்கு ஆற்றுத் தண்ணீர் வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழைதான் வரவு. நான்கு மாத வரவில் எட்டு மாதம் குடும்பம் நடத்த வேண்டும். நம் வீட்டுக் கணக்கு மாதிரிதான்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் குளம் நிறைந்தால் "மறுகால் பாய்கிறது" என்பார்கள். இராமநாதபுரத்துக்காரர் "கண்மாய் கலுங்கு போகுது" என்பார். வடாற்காட்டுக்காரர் "ஏரி கோடி போயிடுச்சு" என்பார். நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஏரி, கண்மாய்கள் உள்ள தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் குளத்தை மட்டும் பார்க்கிறவனை நம் ஊரில் விவரமில்லாதவன் என்பார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குளங்களைக் காத்தவர்கள் யார்? மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர்கள். குளம் அவர்கள் உழைப்பில் நின்றது. அதன் பாசனத்தில் விளைந்த நிலம் வேறு ஆள் பெயரில் இருந்தது. 1858-இல் வெள்ளைக்கார அரசு குடிமராமத்து வேலையைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. வேலைக்கு வராதவன் தண்டம் கட்ட வேண்டும். நம் பாட்டன்மார்களில் பலர் தாராவித் தோல் பதனிடும் கிடங்குகளைத் தேடி வந்தது எதற்காக என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே பழங்காலப் பெருமை பாட நாம் வரவில்லை. அந்த அறிவு நம்முடையது, நம் முன்னோர் முதுகெலும்பு தேயச் சேர்த்தது. அதை இங்கே பயன்படுத்துவோம் என்றுதான் சொல்கிறோம்.

இனி நமது தொண்டர்கள் செய்ததைச் சொல்கிறோம். நாம் குடியிருக்கும் பகுதியில் உள்ள சிறு குளத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நல்ல மழை பெய்த வருடத்திலும் மார்ச் மாதத்துக்குள் படிக்கட்டில் இரண்டு படி கூடுதலாக இறங்கிவிட்டது தண்ணீர். கரையெங்கும் விளக்குப் போட்டார்கள், சிமெண்டுப் பெஞ்சு போட்டார்கள், சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் உள்ள சங்கரன்கோவில் பக்கத்துப் பாட்டி ஒருத்திதான் கேட்டாள்: "எல்லாம் சரி ஐயா, இந்தக் குளத்துக்கு வாய்க்கால் எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஜூன் மாதம் முதல் பெருமழையன்று குடை பிடித்துக்கொண்டு ஏழு பேர் மேட்டுப் பக்கம் நடந்தோம். மூன்று தமிழர்கள், மூன்று மராட்டியர்கள், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு தம்பி. சரிவிலிருந்து இறங்கிய தண்ணீர் புதிதாகப் போட்ட சாலையோரச் சாக்கடையில் விழுந்து, குளத்தைத் தொடாமலே நாலாவுக்குப் போய், அங்கிருந்து கழிமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குளத்துக்கு வர வேண்டிய வழியை அந்த அழகான சுவர் அடைத்து நின்றது. மனு எழுதிக்கொண்டு போனோம். "வரைபடத்தில் அப்படி வாய்க்கால் எதுவும் இல்லையே" என்றார் ஓர் அதிகாரி. ஓய்வு பெற்ற மராட்டிய ஆசிரியர் ஒருவர் எங்களுடன் வந்து, தான் சிறுவயதில் அந்த ஓடையில் மீன் பிடித்ததைச் சொன்னார். நான்கு முறை அலைந்தோம். அரைநாள் கூலி நான்கு முறை போயிற்று. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசியில் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு திறப்பு விட்டுக் கம்பி வலை போட்டார்கள். அடுத்த மழையில் தண்ணீர் மூன்று படி ஏறியது. அந்தப் படியில் நம் பிள்ளைகள் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மட்டம் ஏறிவிட்டால் போதுமா? போதாது. மட்டம் ஏமாற்றவும் செய்யும். பவாய் ஏரியைப் பாருங்கள். 1890 வாக்கில் குடிநீருக்காகக் கட்டியது. நிறைந்தால் 545 கோடி லிட்டர் பிடிக்கும். இன்று அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. தொழிற்சாலைக்கும் ஆரே பால் குடியிருப்புக்கும்தான். மழையில்லாத மாதத்திலும் தண்ணீர் குறையாமல் நிற்கிறதே என்று மகிழக் கூடாது. சாக்கடை வந்து சேர்ந்தால் எந்த ஏரியும் குறையாது. ஆகாயத்தாமரை பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தால் அது செழிப்பு அல்ல, சீக்கு.

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கும் தோழர்கள், "இது உங்கள் பகுதி விவகாரம்" என்று நினைக்க வேண்டாம். விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தி ஆறு. அது தாராவி ஓரமாக வந்து மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, ஆற்றை நெருக்கிக் கட்டியவர்கள் மாடியில் இருந்தார்கள். தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது. மேலே ஏரியில் தண்ணீர் நிற்க இடம் குறைந்தால் கீழே நம் அடுப்பங்கரையில்தான் அது இடம் தேடும்.

அந்தப் பவாயிலேயே ஏரிக்குள் கல் கூடைகளை அடுக்கி மும்பை மாநகராட்சி சைக்கிள் பாதை போடத் தொடங்கியது. ஐ.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் இருவரும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் நீதிமன்றம் போனார்கள். 2022 மே 6 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த வேலை சட்டவிரோதமானது என்று சொல்லி, போட்டதை அகற்றி இடத்தைப் பழையபடி ஆக்க உத்தரவிட்டது. ஈரநிலங்களைத் தூர்க்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அழகுபடுத்துகிறோம் என்று யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது, தண்ணீருக்கு இடம் கூடுமா குறையுமா என்பதைத்தான்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறோம். குளத்தில் தண்ணீர் ஏறியதும் அடுத்த பேச்சு எழுந்தது: கரையோரக் குடிசைகளைக் காலி செய்தால் குளம் இன்னும் நன்றாக இருக்குமாம். நம்மோடு மழையில் நடந்த நண்பர்களிலேயே இருவர் அப்படிச் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயற்கையைக் காப்பது என்ற பெயரில் இந்த நகரத்தில் முதலில் பெயர்க்கப்படுவது ஏழையின் தகரக் கூரைதான். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா வழக்கு 1995-இல் தொடுக்கப்பட்டது. 1997-இல் உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான குடிசைகள் தரைமட்டமாயின. காடு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் இடிபட்ட குடும்பங்களுக்கு மாற்று இடம் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின?

நாங்கள் அந்த நண்பர்களோடு சண்டை போடவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து காட்டினோம். கரையில் குடிசைகள் பிடித்திருந்த இடத்தைவிடச் சுவரும் நடைபாதையும் குளத்துக்குள் பிடித்திருந்த இடம் அதிகம். குடிசைகளின் கழிவுநீர் குளத்தில் விழுகிறது, உண்மை. ஏன் விழுகிறது? சாக்கடை இணைப்புக் கொடுக்கவில்லை, விழுகிறது. இணைப்புக் கொடுங்கள் என்பதே நமது கோரிக்கை. நண்பர்களில் ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து நம்மோடு குப்பை அள்ளுகிறார். நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளையாரும் குளத்தில்தான் கரைந்தார், பூமாலையும் பிளாஸ்டிக் பையுமாக. செயற்கைக் குளம் வைத்த பிறகும் "ராத்திரியில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று பழைய படிக்கே போனவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

மற்ற ஊர்களில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைக் கடைமடையைப் புரட்டிப் போட்டது. தென்னை போன துக்கத்திலேயே பேராவூரணி விவசாயிகளும் இளைஞர்களும் கைஃபா என்று சங்கம் வைத்து, ஊரில் நிதி திரட்டி, 2019-இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பெங்களூர் புட்டேனஹள்ளியில் வரத்து அடைபட்டு வற்றிய ஏரிக்காகக் குடியிருப்போர் 2010-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். பக்கத்து அடுக்குமாடிகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிக்கு விட வைத்தார்கள். அங்கே படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் இருந்தார்கள். நம்மிடம் மண்வெட்டி இருக்கிறது, மண்ணறிவும் இருக்கிறது.

மழைக்கு இன்னும் ஐந்து வாரம்தான். திறப்பின் கம்பி வலையில் போன வருடக் குப்பை அப்படியே சிக்கிக் கிடக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சிவப்புக் கோடு போட்ட படிக்கட்டுக்கு வந்துவிடுங்கள். சங்கத்தில் நான்கு மண்வெட்டிகள் உள்ளன. கூடை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். சாக்கடை இணைப்பு மனு மராத்தியில் தயாராகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். முழுதும் கேட்டுப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பியும் இருக்கும். கரையோரக் குடிசைக்காரர்களின் கையெழுத்துத்தான் முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்து, மேலே ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம்.