ஓதற் பிரிவும் சொல்லாத சேதியும்



தமிழ் இலக்கியம் கூறும் பிரிவுகளைப் பற்றிய இத்தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்டது ஓதற் பிரிவு. கல்வியின் பொருட்டு ஒருவன் தன் மனையையும் ஊரையும் விட்டுப் போவதே ஓதற் பிரிவாகும். தொல்காப்பியர் அகத்திணையியலிலே பிரிவுக்கான காரணங்களைக் கூறத் தொடங்கும்போது ஓதல், பகை, தூது என்ற மூன்றையும் ஒருங்கே வைத்து, அவற்றுள் ஓதலையே முதலிற் கூறுகின்றார். கற்பியலிலே அதற்குக் கால எல்லையும் வகுக்கின்றார். வேந்தனின் தொழிலுக்காகப் போகிறவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும். கல்விக்காகப் போகிறவன் மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது.

உயர்தர வகுப்பிலே இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மூன்றாண்டு என்று ஏன் சேர் ஒரு கணக்கு?" என்பார்கள். உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கங்களைச் சொல்லுவேன். ஆயினும் எனக்குத் தோன்றுவது வேறொன்று. எல்லை என்பது போகிறவனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. வீட்டிலே இருந்து நாளெண்ணும் ஒருவருக்கு அது கொடுக்கப்பட்ட வாக்கு. சுவரிலே கோடிட்டு நாட்களை எண்ணும் தலைவியைச் சங்கப் பாடல்களிலே காண்கின்றோம் அல்லவா? எண்ணுவதற்கு ஒரு முடிவு இருந்தாற்றான் எண்ணவும் மனம் வரும்.

அக்காலத்து ஓதற் பிரிவிலே காடும் மலையும் குறுக்கிட்டன. 1869ஆம் ஆண்டு சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நம்மவரின் ஓதற் பிரிவு கடல்மேற் சென்றது. அடுத்த ஆண்டே நம் நாட்டுச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். அவ்வாறு போனவர்களின் வழிப்பயண இடர்களைப் படிக்கும்போது முதலிலே சிரிப்பு வரும். சற்று நின்று பார்த்தால் அந்தச் சிரிப்பின் அடியிலே வேறொன்று தெரியும்.

மோகன்தாஸ் காந்தியை எடுத்துக்கொள்வோம். 1888ஆம் ஆண்டு பரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் போகப் புறப்பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிறையவில்லை. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயின் முன்னே சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் பம்பாய்க்கு வந்தார். அங்கே தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும், அண்மையிலே ஒரு கப்பலும் மூழ்கியது என்று நண்பர்கள் அண்ணனை அச்சுறுத்தினார்கள். பயணம் பின்போடப்பட்டது. அதற்கிடையிலே சாதிக் கூட்டம் கூடியது. கடல் கடத்தல் சமயத்துக்கு மாறென்றார்கள். இவர் அசையவில்லை. சாதியிலிருந்து விலக்கினார்கள். இவருக்கு உதவுவோரும் துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புவோரும் ஒன்றேகால் ரூபா தண்டம் கட்டவேண்டுமென்று தலைவர் விதித்தார். பயணப் பணத்தை வைத்திருந்த மைத்துனர், சாதிக்குப் பயந்து பணத்தைத் தர மறுத்துவிட்டார். வேறொரு நண்பரிடம் கடன் வாங்கியே செப்டெம்பர் 4ஆம் திகதி காந்தி கப்பலேறினார்.

கப்பலிலே அவருக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். எந்த உணவிலே மாமிசம் இல்லை என்று கேட்கவும் கூச்சம். ஆகவே மேசைக்குப் போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே இருந்து உண்டார். இறங்கும் நாளிலே அணியவென்று ஒரு வெள்ளைக் கம்பளி உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டெம்பர் மாதக் கடைசியிலே கரையிறங்கிப் பார்த்தால், வெள்ளை உடுப்போடு நிற்பவர் அவர் ஒருவரே! மாற்றிக்கொள்ளலாமென்றால் பெட்டிகளும் சாவிகளும் முகவரிடம் போய்விட்டன. அன்று சனிக்கிழமை; மறுநாள் ஞாயிறு; திங்கள் வரையில் பெட்டி வராது. அன்று மாலை பார்க்க வந்த டாக்டர் மேத்தா அந்தக் கோலத்தைக் கண்டு புன்னகைத்தார். மேத்தாவின் உயர்ந்த தொப்பியை ஆவலோடு எடுத்து இவர் எதிர்ப்புறமாகத் தடவ, அதன் மென்மயிர் கலைந்துபோயிற்று. பிறர் பொருளைத் தொடலாகாது என்ற முதற் பாடம் அப்போது கிடைத்தது. விடுதியிலே பசியாற உண்ணவுமில்லை. கணக்கோ மூன்று பவுண் ஆயிற்று.

இவற்றையெல்லாம் தம் சுயசரிதையிலே காந்தி மறைக்காமற் சொல்கின்றார். இரவிலே தாயை நினைந்து கண்ணீர் பெருகியதையும் சொல்கின்றார். ஆனால், நேயர்களே, 1891ஆம் ஆண்டு அவர் படிப்பை முடித்துப் பம்பாய்த் துறையிலே வந்திறங்கியபோதுதான் தாய் இறந்துபோன செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. அந்நிய நாட்டிலே பிள்ளை தனியே துயருறக்கூடாதென்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார். தொல்காப்பியர் சொன்ன மூன்றாண்டு எல்லைக்குள்ளேதான் பிள்ளை திரும்பினார். நாளெண்ணியவர்தான் இல்லை.

அடுத்தவர் நம் தமிழர், கணித மேதை இராமானுஜன். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி சென்னையிலிருந்து 'நெவாசா' என்ற கப்பலிலே புறப்பட்டார். அதற்குச் சில நாட்கள் முன்னரே தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அதன் பின்னரே குடுமி கத்தரிக்கப்பட்டது. குடுமியில்லாத, கோட்டணிந்த தம் கோலத்தை அவர்கள் காணவேண்டாமென்று எண்ணினார் போலும். கேம்பிரிட்ஜிலே குளிரில் நடுங்கினார். இரவிலே மேற்கோட்டை அணிந்து சால்வையாற் போர்த்துக்கொண்டு படுத்தார். அங்கு படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் அறைக்கு வந்து பார்த்தபோது, கட்டிலிலே வேண்டிய கம்பளிகள் மெத்தையின் கீழே செருகி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டுமென்பது இராமானுஜனுக்குத் தெரியாது. எவரிடமும் கேட்கவுமில்லை. அவர் போய்ச் சில மாதங்களிலே முதலாம் உலகப் போர் மூண்டது. பிரிவு ஐந்து ஆண்டாக நீண்டது. 1919இலே நோயாளியாகத் திரும்பி, அடுத்த ஆண்டு ஏப்ரலிலே காலமானார்.

மூன்றாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாயிலே கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்தபின் வெண்குறளாக அடங்குவதற்கு அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்ற கணக்கை அந்தக் கப்பலிலேயே போட்டார். 1983இலே நோபல் பரிசு பெற்றார் என்பதை யாவரும் அறிவர். பலரறியாதது அவருடைய தாயாரின் கதை. இப்செனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கிய அந்த அம்மையார் சீதாலட்சுமி, மகன் புறப்படும்போது கடும் நோயாளி. போகத் தயங்கிய மகனைப் போ என்று அனுப்பியவரும் அவரே. மறு ஆண்டு, மகன் கேம்பிரிட்ஜிலே இருக்கும்போதே அவர் காலமானார்.

இந்த மூவரின் கதைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தொலைந்த பெட்டியும் குளிரும் பசியும் வழியிலே வந்த இடர்கள். அவை பின்னாளிலே சிரிப்பாகிவிடும். சிரிப்பாகாதது ஒன்றுண்டு. அக்கரையிலுள்ளவன் தன் துன்பத்தை இக்கரைக்குச் சொல்வதில்லை. இக்கரையிலுள்ளோர் தம் துன்பத்தை அக்கரைக்குச் சொல்வதில்லை. இரு பக்கமும் அன்பினாலேயே மறைக்கின்றார்கள்.

கப்பலும் கடிதமும் இருந்த காலத்துக் கதை இது, இன்று முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி வந்துவிட்டதே என்று நீங்கள் சொல்லலாம். என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மேற்படிப்புக்காக ஜேர்மனிக்குப் போனான். போய்ச் சேர்ந்து எனக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதினான். இடைவழி விமான நிலையத்திலே அடுத்த விமானத்தைத் தவறவிட்டிருக்கிறான். பெட்டி வேறெங்கோ போய்விட்டது. கைப்பையிலிருந்த சத்துமாவைச் சுங்க அதிகாரி முகர்ந்து முகர்ந்து பார்க்க, இவன் ஒரு பிடி அள்ளி வாயிலே போட்டுக் காட்டினானாம். பின்னர் ஏறிய புகையிரதமோ நடுவழியிலே இரண்டாகப் பிரிந்து, முற்பாதி ஓர் ஊருக்கும் பிற்பாதி வேறோர் ஊருக்கும் போவது. இவன் இருந்தது மற்றப் பாதியிலே! சனிக்கிழமை நள்ளிரவிலே அறைக்குப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் ஞாயிறு, அந்த நாட்டிலே கடைகள் பூட்டு. காந்தி பெட்டிக்காகக் காத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை! சத்துமாவைச் சுடுநீரிலே குழைத்துத் தின்று அந்த நாளைக் கழித்திருக்கிறான்.

சில நாட்களிலே அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், என்னோட கதைக்கேக்க 'சுகமா வந்து சேந்திட்டன்' எண்டு மட்டும்தான் சொல்லுறான். உங்களுக்கு நீட்டா எழுதியிருக்கிறானாம். ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். முழுவதையும் வாசித்தேன். சத்துமாக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தவர், முடிவிலே, "அப்ப பிள்ளை அண்டைக்கு முழுக்கச் சோறு தின்னேல்லை" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாறு மாதம் கழித்து அவரே மீண்டும் வந்தார். உடல் நன்றாக மெலிந்திருந்தது. "ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்தனான், மாஸ்ரர். போனில கதைக்கேக்க தலையணையை மறைச்சுப்போட்டு நிமிந்திருந்துதான் கதைச்சனான். அவனுக்குச் சோதினை வருகுது. நீங்களும் ஒண்டும் எழுதிப்போடாதையுங்கோ" என்றார்.

நான் எழுதவில்லை. அது நான் சொல்லவேண்டிய செய்தியன்று. ஆனால் காந்தியின் கதையை அவருக்குச் சொன்னேன். "பேந்து அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்று கேட்டார். தந்தை இறந்தபோது பட்டதிலும் பெருந்துயர் பட்டாராம், ஆயினும் வெளியே கதறாமல் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாராம் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அழவேண்டிய நேரத்தில அழ விடேல்லை, பாவம்" என்றார். அன்றிரவே மகனிடம் தாமாகவே சொல்லிவிட்டார். அவன் கோபித்தானாம், அழுதானாம், பிறகு தன் குளிரையும் தனிமையையும் சொன்னானாம். சோதனையையும் எழுதினான். அம்மா இப்போது மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்வருகின்றார். அந்தத் திகதி மகனுக்கும் தெரியும்.

நேயர்களே, கல்வியும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்று தொல்காப்பியர் கூறினார். உயர்ந்தோர் யார் என்பதில் உரையாசிரியர்கள் பலபடப் பேசினர். இன்று ஓதற் பிரிவு எந்த வீட்டுக்கும் வரலாம். மூன்றாண்டு என்ற எல்லையை நம்மிற் பலராற் காக்க முடிவதுமில்லை. பாலைத்திணைப் பாடல்களை எடுத்துப் பாருங்கள். வழியின் கொடுமையைத் தலைவியும் தோழியும் வீட்டிலிருந்தே எத்தனை நுணுக்கமாகச் சொல்கின்றார்கள்! நீரற்ற சுனையும் பரற்கல்லும் அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன. போனவன் சொல்லாவிட்டாலும் இருப்பவர் மனம் அந்த வழியிலே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே தூரத்திலே பிள்ளைகளை வைத்திருப்போருக்கும், தூரத்திலிருந்து பேசும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பேசும்போது, சுகம் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வலிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.