பழைய புல்டோசரும் நம் பிள்ளைகளின் கைகளும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாசலில் மஞ்சளாய் மினுங்கிக்கொண்டு நிற்கிற புல்டோசரைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். "நீங்கள் தாதியல்லவா அன்ரி, உங்களுக்கும் புல்டோசருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கேளுங்கள், விளங்கும்.

இந்தக் காணியை வாங்கியபோது அது வேலியோரத்தில் புல் மூடிக் கிடந்தது. விற்ற கமக்காரர் அதையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். வாலிபர்களோ, கழுவிப் பெயின்ற் அடித்துப் பிள்ளைகள் பார்க்க நிறுத்துவோம் என்றார்கள். வாலிபர்கள் வென்றார்கள்.

சேற்றைத் தட்டியபோது ஒரு சிறு தகடு வெளியே வந்தது. அதில் 7யூ என்று தொடங்கும் இலக்கம். கேட்டர்பில்லர் டி4, 1947க்கும் 1959க்கும் இடையில் செய்யப்பட்டது. அதாவது உங்கள் தாத்தா பாட்டியின் வயது! கேட்டர்பில்லர் என்றால் மயிர்க்கொட்டி. அமெரிக்காவில் சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டையில் ஓடும் இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, மயிர்க்கொட்டி போல ஊர்கிறதே என்று ஒருவர் சொன்னாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்னொரு புதினமும் உண்டு. இதன் பெரிய டீசல் எஞ்சினை எழுப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு குட்டிப் பெற்றோல் எஞ்சின் இருக்கிறது. குட்டி எழும்பினால்தான் பெரியவர் எழும்புவார்.

கழுவும் வேலைக்கே பல சனிக்கிழமைகள் போயின. முதலில் முன் தகட்டை நிலத்தில் இறக்கி வைத்தோம். தூக்கிய தகட்டின் கீழே ஒருவரும் போகக்கூடாது. புகைக்குழாயையும் காற்று போகும் வாயையும் கட்டி மூடினோம். சங்கிலிப் பட்டைக்குள் இறுகிக் கிடந்த களிமண்ணைக் கம்பியால் கிண்டி எடுத்தோம். கிரீஸ் கரைக்கும் திரவம் பூசி ஊறவிட்டுக் கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ற் ஒட்டாது. கறளின் மேல் அடித்தால் சில மாதத்தில் கொப்பளித்து உரியும்.

இனித்தான் நான் வெட்கத்தோடு சொல்லவேண்டிய பகுதி.

கறள் எடுக்கத் தொடங்கியதும் தம்பிமார் கிரைண்டர் பிடித்தார்கள். மஞ்சள் தூசி பறந்தது. பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள். அதே கையோடு ஓடிவந்து பற்றிஸ் எடுத்துச் சாப்பிட்டார்கள். பற்றிஸ் கொடுத்துக்கொண்டு நின்றவள் நான். மூன்று சனிக்கிழமை நின்றேன்.

இங்கிலாந்தில் தாதிப் பயிற்சி பெற்றபோது எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு கேள்வி உண்டு. ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் வயிற்றுவலியோடும் இரத்தச்சோகையோடும் வந்தால், "தகப்பனுக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள் என்பார்கள். தகப்பனின் உடுப்பில் வேலைத்தலத்து ஈயத்தூசி வீட்டுக்கு வரலாம். மூன்றாவது சனிக்கிழமை இரவு, என் கணவரின் காற்சட்டையை உதறியபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு நினைவு வந்தது.

அக்காலத்து மஞ்சள் இயந்திரப் பெயின்ற் பலவற்றில் ஈயம் கலந்த நிறப்பொடி இருந்தது. கறள் பிடியாமல் அடியில் அடித்த சிவப்புப் பூச்சிலும் ஈயம் இருப்பது வழக்கம். பெயின்ற் சில்லொன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். ஈயம் இருந்தது.

ஈயம் உடலுக்குள் போனால் கல்சியம் போல நடித்து எலும்பில் குடியேறிவிடும். விழுங்கிய ஈயத்தில் சிறு பிள்ளையின் உடல் பெரியவரை விட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். வளரும் மூளையைத்தான் அது பாதிக்கிறது. இவ்வளவு மட்டும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2015 முதல், இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும் என்பது அறிவுரை.

ஏழு பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஆறு பேருக்கு 5க்குக் கீழே. ஒருவனுக்கு 6. நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவன். அவன் என் மகன்.

மற்றத் தாய்மாருக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு வேலையை வேறுவிதமாகச் செய்தோம். கிரைண்டரை ஒதுக்கினோம். கீழே தடித்த பிளாஸ்ரிக் விரித்து, தண்ணீர் தெளித்து, ஈர அரத்தாளால் கையால் தேய்த்தோம். உறுதியாக ஒட்டியிருந்த பழைய பெயின்றை உரிக்காமல் விட்டு, உரிந்த இடங்களை மட்டும் தேய்த்தோம். பி2 முகக்கவசம் தாடிக்கு மேல் சரியாக ஒட்டாது. அதனால் இரண்டு தம்பிமார் ஆசையாய் வளர்த்த தாடியையே வழித்தார்கள்! வேலை உடுப்பை அங்கேயே கழற்றிப் பையில் கட்டி, வீட்டில் தனியாகத் தோய்த்தோம். தூசி விழுந்த மேல்மண்ணை அள்ளினோம். நகரசபையிடம் கேட்டு, அவர்கள் சொன்ன இடத்தில் கழிவைக் கொடுத்தோம். வேலை முடியும்வரை பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் போக அனுமதியில்லை.

துடைத்துக் காய்ந்த அன்றே அடிப்பூச்சு அடித்தோம். தாமதித்தால் வெறும் இரும்பில் மறுபடி கறள் பூக்கும். அதன்மேல் ஈயமில்லாத மஞ்சள், மெல்லியதாக இரண்டு தடவை. இலக்கத் தகட்டையும் கிரீஸ் அடிக்கும் முனைகளையும் மூடிவிட்டு அடித்தோம். தகட்டை மறைத்தால் அது யாரென்று பிறகு எப்படித் தெரியும்?

மூன்று மாதத்தின் பின் மகனின் அளவு 3. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பெரியவர்களே, உங்கள் வீட்டில் பழைய சன்னல், பழைய கட்டில், பழைய வேலி இருக்கும். அரத்தாளைக் கையில் எடுக்கமுன் அந்தப் பெயின்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வேலை தெரிந்தவர் சொல்லுவார் என்று இருந்துவிடாதீர்கள். வேலை தெரிந்த நானே மூன்று வாரம் பேசாமல் நின்றேன்.

பிள்ளைகளே, ஆராதனை முடிந்ததும் புல்டோசரைத் தாராளமாகப் பாருங்கள். பெயின்ற் எங்கேயாவது உரிந்திருந்தால் தொடாமல் ஓடிவந்து எங்களிடம் சொல்லுங்கள். அதன்பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள். பற்றிஸ் தருவேன்.