கிளாப்பழம்



இலக்கிய நிகழ்ச்சியில் கிளாப்பழத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சேர மன்னனின் பெயரிலேயே அது இருக்கிறது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரலைத்தான் சொல்கிறேன். முடிசூடும் வேளையில் அவனுடைய முடியும் மாலையும் பகைவர் வசம் இருந்தனவாம். நாரால் முடி செய்து, களங்காயால் கண்ணி தொடுத்துச் சூடினான் என்பது வழிவழி வரும் விளக்கம். புத்தகத்தில் களா; கல்முனைப் பக்கத்தில் எங்கள் வாயில் கிளா. அந்தப் பாடத்தைப் படித்த நாளில், அரசன் தலையில் இருந்தது எங்கள் வட்டையோரத்து முள்ளுப்பற்றையின் காய் என்று எனக்குத் தெரியாது.

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு மேற்கேயிருந்த காட்டில் பெரும்பகுதி வயலாயிற்று. வயலாகாத மேட்டுத் துண்டுகளில் கிளாவும் சூரையும் மிஞ்சி நின்றன. வாப்பாவுக்குச் சோறு கொண்டு போகும் சாட்டில் நாங்கள் அங்கேதான் நிற்போம். கிளாப்பூ வெள்ளை நிறம். பிச்சிப்பூவைப் போல மணக்கும். காய் பச்சையாயிருந்து சிவந்து, பின் கறுக்கும். சூரைப்பழத்தில் கொட்டைதான் பெரிது, கிளாவில் சதையுண்டு.

"செவப்புல கை வைக்காத மனே, கறுத்தத மட்டும் ஆய்" என்பார் மூத்தம்மா. கேளாமல் சிவப்பைக் கடித்தால் புளிப்பில் கண் தானே மூடும், பால் உதட்டில் பிசினாக ஒட்டும். பால் கசியும் செடியெல்லாம் கிளா அல்ல என்பதையும் அவரிடமே கற்றோம். அலரியும் கிளாவின் குடும்பந்தான். ஆனால் அது நஞ்சு. தெரியாத காயை வாயில் வைக்கக் கூடாது, தெரிந்தவர் காட்டினால் மட்டுமே ஆயலாம் என்பது எங்கள் சட்டம். எழுத்தில் இல்லாத அந்தப் பாடம் மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்குப் பற்றையடியிலேயே கைமாறியது.

அது அறுந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வயலுக்கே அஞ்சி அஞ்சிப் போனோம். பிள்ளைகளை யார் கூட்டிப் போவார்? அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்களில் பலருக்குப் பற்றை என்றால் பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

என் மகனும் அப்படி வளர்ந்தவன்தான். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபின், கரையில் இருந்த நாங்கள் உள்ளே ஒரு மேட்டுத் துண்டில் வீடு கட்டினோம். மூலையில் ஒரு கிளாப்பற்றை நின்றது. "பாம்பு அடையும் வாப்பா" என்று மகன் வெட்டச் சொன்னான். நான் வாய் திறக்கவில்லை. வேரையும் கிண்டி எரித்தார்கள். மதில் எழும்பிற்று. மூத்தம்மா இருந்திருந்தால் என்னைத்தான் ஏசியிருப்பார்.

சென்ற ஆண்டு பேத்தி கேட்டாள்: "கிளா என்டா என்ன மூத்தாப்பா? கிரேப்ஸ் மாதிரியா?" சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. நாலைந்து இடம் அலைந்து, கடைசியில் ஒரு வாய்க்கால் கட்டோரம் ஒரு பற்றையைக் கண்டுபிடித்தேன். முள்ளைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, நான் தடுக்குமுன், பளபளவென்றிருந்த சிவப்பைப் பறித்துக் கடித்துவிட்டாள். முகம் கோணி, உதடு ஒட்டி, அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்ததைக் கறுப்பாகத் தேடினாள், நான் சொல்லவேயில்லை.

அன்று துப்பிய விதைகளைக் கடதாசியில் பொதிந்து வந்து பழைய வாளி ஒன்றில் ஊன்றினோம். இரண்டு முளைத்திருக்கின்றன. மதிலோரம் நட இடம் கேட்டிருக்கிறேன். மகன் இன்னும் பதில் சொல்லவில்லை.