கப்பலேறிய முன்னோர்

(நம் சங்கத்தின் சிதம்பரம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பாட்டனாரின் தமையனார் கப்பலேறிப் போனார், மீளவில்லை" என்னும் சொல் நம் குடும்பங்கள் சிலவற்றில் வழங்கக் கேட்டிருப்பீர்கள். அங்ஙனம் சென்றோரின் வழித்தோன்றல்கள் தம் பூர்வீக ஊரைத் தேடி இன்று தமிழகம் வருகின்றனர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வருவோரை நாம் எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும் என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள்.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை அந்நாட்டின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றோரும் பலர். நம் தென்னார்க்காட்டினரும் இவருள் உளர்.

நேட்டால் கப்பற்பட்டியல்கள் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் குறித்துள்ளன. ஏழை உழவன் ஒருவனைப் பற்றி எழுத்தில் எஞ்சியது பெரும்பாலும் இவ்வொரு வரியே. அதனையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். ஊர்ப்பெயர்களைக் காதிற் கேட்டவாறே ஆங்கில எழுத்தில் பதிந்தனர். கூடலூர் 'கடலூர்' ஆனமை நாம் அறிந்ததே. சாதிப் பெயரை மாற்றிச் சொன்னோரும் இருந்தனர். தந்தை பெயரைக் கொண்டு, ஊரில் தங்கிய உடன்பிறந்தாரைப் பழைய நிலத்தீர்வைப் பதிவேட்டிலும் கிரயப் பத்திரத்திலும் தேடலாம். நிலமில்லாதவர்க்கோ அவ்வழியும் இல்லை.

நிற்க. மரபணுச் சோதனை இக்குறையைத் தீர்க்கும் என்பர் சிலர். அது காட்டுவது உறவின் அளவையே. ஊரையும் பெயரையும் அன்று. பாட்டனின் பாட்டனிடமிருந்து நம்பால் வருவது சராசரி பதினாறில் ஒரு பங்கே. அன்றியும், தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாய் மணந்துவந்த நம்மிடையே, தூரத்து உறவும் அண்மை உறவு போலத் தோன்றும். ஆகலின், சோதனையும் ஏடும் ஒன்றையொன்று தாங்கினாலன்றித் துணிதல் ஆகாது.

சோதனையால் குலப்பெருமையை நிலைநாட்டலாம் என்று கருதுவார்க்கும் ஒரு சொல். ஐதராபாத்து அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடி 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பரவலாய்க் கலந்தனர் என்றும், அதன் பின்னரே தத்தம் குழுவினுள் மணக்கும் வழக்கம் வலுத்தது என்றும் கூறுகின்றது. கலவாத குருதி எக்குலத்துக்கும் இல்லை.

ஆதலால், கடல் கடந்து வருவோரை "நீர் எக்குலத்தீர்?" என்று முதலில் வினவுதல் முறையன்று. ஐந்து தலைமுறை கழிந்தும் ஒரு பெயரைக் காத்து வந்தவர்க்கு, அப்பெயரை மறந்த நாம் தேர்வு வைப்பது தகுமோ?

நம் வீட்டு முதியோரிடம் இன்றே கேளுங்கள். கப்பலேறியவர் பெயர், அவர் தந்தையார் பெயர், குலதெய்வம், குடியிருந்த தெரு ஆகியவற்றை எழுதிவையுங்கள். பழம் பத்திரங்களைச் செல்லுக்கு இரையாக்காதீர்கள். அரசாங்கம் ஒரு வரி எழுதிற்று. மறுவரியை எழுதவேண்டியவர் நாமே. அது நம் முதியோரோடு மறையுமுன் எழுதுவோமாக.