மலைவாசிகளுக்குத் தேகாப்பியாச சாலை எதற்கு?

(பழனிமலைக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் கட்டடத்தின் பின்புறமுள்ள அறையை விதைக்கிழங்கு மூட்டைகளுக்கு விடுவதா, தேகாப்பியாச சாலையாக்குவதா என்பது பற்றி உங்களுக்குள் அபிப்பிராய பேதம் இருப்பதாக அறிகிறேன். “மண்வெட்டி பிடிக்கிறவனுக்குத் தண்டால் எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் கேட்டாராம். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு மேலே பேசுவது நேர்மையாகாது. ஆகையால் அதற்கே முதலில் விடை கூற முயல்கிறேன்.

முதல் உலக யுத்த காலத்தில் (1914-18) மலைச்சாலை மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படத் தொடங்கும் முன்னர், பெரியகுளத்துப் பக்கமிருந்து கோடைக்கானலுக்கு வருவோர் செங்குத்தான பாதையில் ஏறினர். துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் வந்தார்கள். அவர்களைத் தோளில் சுமந்து 7,000 அடி உயரத்திற்குக் கொண்டுவந்தவர்களுக்குத் தேகாப்பியாச சாலை தேவைப்படவில்லை என்பது மெய்யே. அக்காலத்து மனிதரைப் பற்றிப் பெரியவர் கேட்டிருந்தால் அவர் கட்சியே ஜெயித்திருக்கும்.

இன்று பூண்டு மூட்டை ஜீப்பில் போகிறது. சந்தைக்குப் போகிறவர் பஸ்ஸில் போகிறார். பிள்ளைகளில் ஒருவன் விடுதியில் கணக்கெழுதுகிறான். மற்றொருவன் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டுகிறான். கீழே பழனியாண்டவர் சந்நிதிக்கும் 700-க்குச் சற்றுக் குறைந்த படிகளை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 1966-இல் விஞ்சும் 2004-இல் ரோப் காரும் வந்துவிட்டன. இவற்றை நான் குறை கூறவில்லை. முதியோர்க்கும் பிணியாளர்க்கும் அவை பேருபகாரம். ஆயினும் நம் கால்களுக்கு இருந்த வேலை ஒவ்வொன்றாகக் கைமாறி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உட்கார்ந்தே செய்யும் வேலை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 1953-இல் லண்டன் மாநகரில் ஜெரமி மாரிஸ் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ சீட்டுக் கொடுக்க ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்குகிறார். ஒரே ஊர், ஒரே வண்டி; எனினும் மாரடைப்பு கண்டக்டர்களைக் குறைவாகவே பிடித்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனானவர்கள் என்பதையும் மாரிஸே பின்னர் எடுத்துக்காட்டினார். அதைக் கழித்துப் பார்த்தாலும், அசையும் தேகத்தில் இருதயம் நன்றாயிருக்கும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் பலவும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. நம் தேசத்தில் 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய தேக உழைப்பில்லாதவர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

“அதெல்லாம் பட்டணத்தார் சங்கதி, நான் இன்னும் மேட்டு நிலத்தில்தான் உழைக்கிறேன்” என்று சொல்லக்கூடியவர்களும் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்குத் தனியே நடைப்பயிற்சி வேண்டியதில்லை என்பதை நான் தடையின்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயல் வேலை ஒருபக்கமானது. உருளைக்கிழங்கு தோண்டுவதும் காரட்டுக்குக் களையெடுப்பதும் குனிந்த முதுகை மணிக்கணக்கில் வாட்டுகின்றன. தோளையும் மார்பையும் முழு அளவில் நீட்டி மடக்கச் செய்வதில்லை. வேலை தேகத்தின் சௌகரியத்தைப் பார்த்து நடப்பதன்று. அறுவடை வந்தால் தாங்க முடியாத பாரம். முடிந்தால் பல வாரம் ஓய்வு. பயிற்சியோ தேகம் தாங்கும் அளவறிந்து, சிறிது சிறிதாகக் கூட்டப்படுவது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

தென்பாண்டிச் சீமைக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று உருண்டைக்கல் ஒன்று கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னே போட்டவனே வாலிபன் என்பது பழைய வழக்கம். அக்கல் பலத்தைச் சோதிக்கும். பலத்தை உண்டாக்குவது அதற்குக் கடினம். ஏனெனில் தூக்க மாட்டாதவனுக்காக அது ஒரு பலம்கூட எடை குறையாது. இரும்புத் தட்டுகள் கோத்த பாரில் இன்று 10 கிலோ தூக்குகிறவர் அடுத்த மாதம் 12 கிலோ தூக்கலாம். இளவட்டங்களுக்கு மட்டுமன்றி அவர்களுடைய பாட்டனார்களுக்கும் ஏற்ற கல் அதுவே.

பாட்டனார் என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேல் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த நஷ்டம் விரைகிறது. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் மரியா ஃபியட்டரோன் குழுவினர், முதியோர் விடுதியொன்றில் இருந்த 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேரைக் கால் பலத்துக்கான எடைப்பயிற்சியில் சேர்த்தார்கள். ஒன்பது பேர் எட்டு வாரத்தையும் முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியில் இரண்டரை மடங்குக்கும் மேலாகியது. தொண்ணூறு வயதில் இது கூடுமானால், ஐம்பது வயதில் “இனி என்ன?” என்று திண்ணையில் சாய்ந்துவிடுவதற்கு நியாயம் ஏது?

மலையில் இதற்கு ஒரு விசேஷமான அவசியமும் உண்டு. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலை வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக்காக வேலை செய்கிறது. அது தளர்ந்தால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகிறது. மழை நனைந்த படியில் கால் வழுக்கினால் சமாளித்து நிற்கவும் முடிவதில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவரைப் பூம்பாறையிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் எவ்வளவு கஷ்டம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

“கோடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தால் போதாதா?” என்று கேட்கலாம். 1863-இல் லெவிஞ்ச் துரை உண்டாக்கிய அந்த ஏரிக்கரை ஏறக்குறைய 3 மைல் சுற்றளவுள்ளது. நடக்க அதனினும் இனிய இடம் அரிது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மழையும் மூடுபனியும் எத்தனை நாள் விடுகின்றன? விடியுமுன் புறப்பட்டால் பாதையில் காட்டெருமை நிற்கிறது. அதற்கு வழிவிடுவதும் ஒரு தேகாப்பியாசமே என்றாலும் அதை நான் சிபாரிசு செய்யேன். நடை இருதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட யோசனையில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை நடுத்தர உழைப்பும், அதனுடன் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென்றும், 65 வயதானோர் நிலைதவறாமல் நிற்கும் பயிற்சியையும் சேர்த்து வாரம் மூன்று நாள் செய்யவேண்டுமென்றும் கூறியிருக்கிறது.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2016-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் 500 கிராம ஊராட்சிகளில் ஒவ்வொன்றும் 10 லட்சம் ரூபாய் செலவில் உடற்பயிற்சிக்கூடம் அமைப்பதாக அறிவித்தது. உங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இரண்டு பார், மாற்றிக் கோக்கும் தட்டுகள், சில ஜோடி டம்பெல், தச்சர் செய்த உறுதியான பலகை, தொங்குவதற்கு ஒரு குறுக்குக்கம்பி, நம் பழைய கர்லாக்கட்டைகள், மணல் நிரப்பிய 10 கிலோ, 20 கிலோ சாக்குகள் - இவை போதும். நின்ற இடத்தில் ஓடும் யந்திரத்தை வாங்கவே வேண்டாம். மலையிலிருப்பவர்கள் மின்சாரம் செலவிட்டு நடப்பது வேடிக்கை. அது பழுதானால் பழுதுபார்ப்பவர் மதுரையிலிருந்து வரவேண்டும்.

முதல் மாதத்தில் முக்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரைக் கையால் தள்ளுதல், சாக்கைத் தூக்கிப் பத்தடி நடத்தல், முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து பாரம் எடுத்தல் ஆகியவையே போதும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்னும்போதே நிறுத்திவிடலாம். பன்னிரண்டும் எளிதானால் சிறிது எடை கூட்டுக. குளிர் நாளில் உடம்பு சூடேறிய பின்பே பாரத்தைத் தொடுக. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுக. இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். அவர்களும் நீரிழிவுள்ளவர்களும் சேருமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம். இரண்டு நாள் தசை வலிப்பது சகஜம். மார்பில் இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் அந்த நிமிஷமே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்க.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவில் விற்கும் புரோட்டீன் மாவை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள். தேசியப் போஷணை ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட உணவு யோசனைகளும் அதைத் தவிர்க்கவே சொல்கின்றன. பட்டாணி, பீன்ஸ் விதை, பருப்பு, முட்டை, பால் ஆகியவை போதும். தசை பெருக்க ஊசி போடுகிறேன் என்று எவனேனும் வந்தால் அவனை அறைக்குள் விடாதீர்கள்.

தொடங்குவது சுலபம், தை மாதத்தில் நாற்பது பேர் வருவார்கள். சித்திரையில் எத்தனை பேர் என்பதே விஷயம். இதைச் சங்கத்தார்க்கு விளக்க வேண்டுமா? இன்றைய தமிழ்நாட்டில் 1904-இல் திருவூரில் முதல் கூட்டுறவு நாணய சங்கம் தொடங்கியது முதல், சிறு தொகையைத் தவணை தவறாமல் கட்டுவதையே நாம் கற்று வந்திருக்கிறோம். தேகமும் அப்படிப்பட்ட பாஸ்புத்தகமே. ஒரே நாளில் மொத்தமாகக் கட்ட அது இடங்கொடாது. நடவிலும் அறுவடையிலும் வர முடியாதவர்கள் வாரம் ஒரு நாள் வந்து, எடையைக் குறைக்காமல் சிறிது செய்து போனால், சேர்த்த பலத்தில் பெரும்பகுதியைச் சில மாதம் காத்துக்கொள்ளலாம். முழுவதும் நின்றவர்கள் திரும்பி வரும்போது பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குக.

இனி இரண்டு காரியங்களை இன்றே தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, பெண்களுக்குரிய நேரம். அதை ஆண்கள் நிர்ணயிக்க வேண்டாம். அடுப்பு வேலையும் தோட்ட வேலையும் எப்போது முடிகின்றன என்பது அவர்களுக்கே தெரியும். அந்நேரத்தில் அவர்களில் ஒருவரே பொறுப்பாளராக இருக்கட்டும். இரண்டாவது, சாவி. ஒரே மனிதரிடம் சாவி இருந்து, அவர் திண்டுக்கல்லுக்குப் போயிருக்கும் நாளில் கதவு பூட்டியிருந்தால், இரண்டு முறை திரும்பிப் போனவர் மூன்றாம் முறை வரமாட்டார். மூன்று சாவிகள் செய்து மூன்று வீட்டில் வையுங்கள். யார் யார் வீட்டில் என்பதைக் கதவிலேயே எழுதிப் போடுங்கள். விதைக்கிழங்கு மூட்டைகளைத் தற்சமயம் முன்தாழ்வாரத்தில் பலகை மேல் அடுக்கலாமென்று காரியதரிசி சொல்கிறார்; சாரல் படாமல் தார்ப்பாய் ஒன்று வாங்கினால் ஆகும்.